மூணு காயலும் ஒரு கைதட்டலும்

எங்க ஊர்ப் பக்கம் மூணு காயல் உண்டு மக்களே. புன்னைக்காயல், பழையகாயல், காயல்பட்டினம். தாமிரபரணி கடல்ல போய் விழற இடத்துல இருக்கிறது புன்னைக்காயல், நம்ம சொந்த ஊர். மத்த ரெண்டும் பக்கத்துலயே. பஸ் போர்டுல இந்த மூணு பேரையும் வாசிச்சே எழுத்துக்கூட்டப் பழகினவன் நான்.

ஒரு சின்ன 'க்' சமாச்சாரம் கவனிச்சிருக்கீங்களா? புன்னைக்காயல்ல 'க்' இருக்கு. பழையகாயல்ல இல்லை. புன்னைங்கிறது பெயர்ச்சொல், மரம். அது காயலோட சேரும்போது நடுவுல ஒரு 'க்' வந்து ரெண்டையும் ஒட்டிடுது. பழையங்கிறது பெயரெச்ச வகை, அதுக்கு இந்தப் பசை தேவைப்படலை. மூணாவதைப் பழைய பாணியில எழுதறவங்க 'காயற்பட்டினம்'னு எழுதுவாங்க, அங்கே 'ல்' போய் 'ற்' ஆயிடுது. ஒரே காயல், மூணு விதமான ஒட்டு.

ஆக, ரெண்டு சொல்லை ஒட்டி ஒண்ணாக்கறதுல நமக்கு இலக்கணம் ஏராளம். ஒட்டினதை எங்கே வெட்டறதுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துட்டு வந்துருங்க.

நமக்குப் பொட்டி தட்டற வேலை. இப்போ தட்டிக்கிட்டிருக்கிறது நெதர்லாந்துக்காரங்களுக்காக. அவங்க செயலியில ஒரு பட்டன். இங்கிலீஷ்ல அழகா அடங்கியிருந்த வார்த்தை, டச்சுல மாத்தினதும் பட்டனை விட்டு வெளியே வந்து பக்கத்து பட்டன் மேல படுத்துக்கிச்சு. அந்த வார்த்தை இதுதான், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க: ஆர்பைட்ஸ்ஒன்கெஸ்கிக்ட்ஹைட்ஸ்ஃபெர்சேகெரிங்.

அவங்க எழுத்துல 33 எழுத்து, நடுவுல இடைவெளியே கிடையாது. கெட்ட வார்த்தை எல்லாம் இல்லீங்க. 'ஆர்பைட்'னா வேலை. 'ஒன்கெஸ்கிக்ட்ஹைட்'னா தகுதி இல்லாமை. 'ஃபெர்சேகெரிங்'னா காப்பீடு. வேலை செய்ய முடியாம உடம்பு படுத்துட்டா பணம் தர்ற இன்சூரன்ஸ், அவ்வளவுதான். நடுவுல ரெண்டு இடத்துல ஒரு 'ஸ்' வருது பாருங்க, அதுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. வெறும் பசை. அதைப் பார்த்ததும் எனக்குத் தமிழய்யா ஞாபகம்தான் வந்துச்சு. 'மரம்' கூட 'கிளை' சேர்ந்தா 'மரத்துக்கிளை'. நடுவுல வந்த 'அத்து'க்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமில்லை, அது சாரியை. டச்சுக்காரனும் சாரியை வச்சிருக்கான்யா!

அந்த நீள வார்த்தையை வரி உடைக்கணும்னா அவங்க வழக்கம் தெளிவு. முதல்ல எந்தெந்தச் சொல் சேர்ந்து இது ஆச்சோ, அந்த மூட்டுல வெட்டணும். அதுக்குள்ளே இன்னும் வெட்டணும்னா அசை அசையா வெட்டலாம். ஆர்-பைட்ஸ்-ஒன்-கெ-ஸ்கிக்ட்-ஹைட்ஸ்-ஃபெர்-சே-கெ-ரிங். பத்து அசை. சந்தைக்குப் போற மீன் மாதிரி, முதல்ல மூட்டு பார்த்துப் பெரிய துண்டு, அப்புறம்தான் குழம்புக்குச் சின்னத் துண்டு.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஃபிராங்க் லியாங். டொனால்ட் நூத்தோட மாணவர். 1983-ல ஸ்டான்ஃபோர்டுல இதையே முனைவர் பட்ட ஆய்வாப் பண்ணினார். எழுத்துகளுக்கு நடுவுல எண்களைப் போட்டு வைக்கிற முறை. ஒற்றைப்படை எண் வந்தா வெட்டலாம், இரட்டைப்படை வந்தா கூடாது. ஒரே இடத்துல பல எண் மோதினா பெரிய எண் ஜெயிக்கும். எளிமையான வித்தை. டெக் மென்பொருள்ல ஆரம்பிச்ச இந்த முறையைத்தான் பல மொழிகளுக்கும் இன்னிக்கு வரைக்கும் பயன்படுத்தறாங்க.

ஆனா இந்த வித்தையும் முட்டி நிக்கிற இடம் இருக்கு. டச்சுல 'வல்கௌல்'னு ஒரு வார்த்தை. வல்-கௌல்னு வெட்டினா, விலங்கை விழவைக்கிற பொறிக்குழி. அதையே வல்க்-ஔல்னு வெட்டினா 'வல்லூறு-ஆந்தை'. எழுத்து மாறவே இல்லை. 'க்வார்ட்ஸ்லாகென்' இன்னொண்ணு. க்வார்ட்-ஸ்லாகென்னா கால் சுற்றுகள். க்வார்ட்ஸ்-லாகென்னா படிகக்கல் அடுக்குகள். இன்னும் மோசமானது ஒண்ணு இருக்கு. எழுதும்போது ஒரே எழுத்து வரிசைதான், ஒரு விதமா வெட்டினா 'மசாஜ்' செய்யற கட்டில், இன்னொரு விதமா வெட்டினா ஊரே கூடிச் செய்யற ஜெபம். கோயில் நோட்டீஸ்ல இதை வரி உடைக்கிறவன் நிலைமையை நினைச்சுப் பாருங்க. :-)

இதெல்லாம் காகிதத்துல வர்ற குழப்பம்தான். வாயில குழப்பமே இல்லை. டச்சுக்காரன் பேசும்போது ஏதோ ஒரு அசையை ஓங்கி அழுத்துவான். கூட்டுச்சொல்லா இருந்தா பெரும்பாலும் முதல் சொல்லுல அழுத்தம் விழும். அந்த அடி விழற இடத்தை வச்சு, கேக்கிறவன் சொல்லோட எலும்புக்கூட்டைக் கண்டுபிடிச்சுடறான். அழுத்தம் இடம் மாறினா அர்த்தமே தலைகீழ். 'ஃபோர்கோமென்'ல முதல் அசையை அழுத்தினா 'நேர்வது'. நடு அசையை அழுத்தினா 'நேராமல் தடுப்பது'!

நிற்க. இது நமக்குப் புதுசான்னா, இல்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரம் புணரியல்ல ஒரு நூற்பா இருக்கு. எழுத்து ஒரே மாதிரி இருந்து பொருள் மட்டும் வேறுபடற புணர்ச்சிகளை ஓசைதான் பிரிச்சுக் காட்டும்னு சொல்லுது. அதுக்கு உரைக்காரங்க காட்டற உதாரணம் 'செம்பொன்பதின்றொடி'. தொடிங்கிறது பழைய நிறையளவு. 'செம்பொன் பதின்தொடி'ன்னு பிரிச்சா பத்துத் தொடி தங்கம். 'செம்பு ஒன்பதின்தொடி'ன்னு பிரிச்சா ஒன்பது தொடி செம்பு. எங்கே மூச்சு விடறீங்கங்கிறதுல இருக்கு உங்க சொத்து மதிப்பு. நகைக்கடையில அளந்து மூச்சு விடுங்க மக்களே.

அப்போ தமிழ்லயும் டச்சு மாதிரி அழுத்தம் உண்டான்னு கேட்டா, அந்த மாதிரி கிடையாது. நம்ம பேச்சுல அழுத்தம் மாறினதால மட்டும் ஒரு சொல் இன்னொரு சொல்லா ஆகறதில்லை. நமக்கு அந்த வேலையைச் செய்யறது குறில்-நெடில். 'கல்' வேற, 'கால்' வேற. இதனால ஒரு விசேஷம் நடக்குது. வேத்து மொழிக்காரன் ஒரு அசையை அழுத்தினா, தமிழ்க் காது அதை நெடிலா வாங்கிக்குது.

சந்தேகமா இருந்தா எங்க கடற்கரைக்கு வாங்க, ஊர் முழுக்க சாட்சி இருக்கு. போர்த்துகீசிய மொழியில செருப்புக்குச் சொல்ற சொல்லுல நடு அசையில அழுத்தம். நம்மகிட்ட வந்ததும் சப்பாத்து, நடுவுல நெடில். அவங்க 'வரண்ட'வுல நடுவுல அழுத்தினதை நாம வராந்தா ஆக்கினோம். சாவி, மேசை ரெண்டுலயும் முதல்ல அழுத்தம், முதல்ல நெடில். எங்க தெருவுல பாதி வீட்டுக் கதவுல இருக்கிற பர்னாந்துவையே எடுத்துக்கோங்க, அந்த 'னா' எங்கிருந்து நீண்டுச்சு? லிஸ்பன்ல அழுத்தின இடம்தான் இங்கே துணைக்காலா நிக்குது. எல்லாச் சொல்லும் இப்படிச் சமர்த்தா நடந்துக்கலை. சன்னல், ஏலம் எல்லாம் அழுத்தத்தை வழியிலேயே தொலைச்சுட்டு வந்த கேஸ். ஆனாலும் கணக்கு பெரும்பாலும் சரியா வருது.

போர்த்துகீசியருக்கு அப்புறம் 1658-ல தூத்துக்குடியைப் பிடிச்சவங்க டச்சுக்காரங்க. அவங்களும் கொஞ்சம் விட்டுட்டுப் போனாங்க. 'துட்டு' அவங்க காசோட பேருதான். இலங்கைத் தமிழ்ல அலுவலகத்துக்குச் சொல்ற 'கந்தோர்' டச்சுதான், கடைசி அசையில அழுத்தம், கடைசியில நெடில். எல்லாத்தையும் விடப் புகழ்பெற்றது ஒண்ணு இருக்கு, மூக்கைப் பிடிச்சுக்கோங்க: கக்கூஸ். அது ஒரு அசல் டச்சுக் கூட்டுச்சொல். 'காக்' கழிவு, 'ஹௌஸ்' வீடு. அவங்க வெட்டறது காக்-ஹௌஸ். நாம 'ஹ'வை முழுங்கிட்டு, 'க'வை இரட்டிச்சு, கக்-கூஸ்னு மூட்டையே நகர்த்தி வச்சுட்டோம். இப்போ அதுக்குள்ளே இருந்த வீட்டை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டுச்சொல் ஒண்ணு ஊர் விட்டு ஊர் போய் ஒட்டு தெரியாம ஒரே சொல்லா ஆறிப்போன கதை அது.

எழுத்திலயும் இதே கதைதான். எங்க ஊர்ல 16-ம் நூற்றாண்டுல இருந்த அன்றிக் அடிகளார் போர்த்துகீசியர். காதால தமிழ் கத்துக்கிட்டு 1549 வாக்குல அதுக்கு இலக்கணமே எழுதினவர். 2013-ல ஜீன் ஹைனும் வி.எஸ்.ராஜமும் அதை ஆங்கிலத்துல கொண்டு வந்தாங்க. அவரோட தம்பிரான் வணக்கம் 1578-ல கொல்லத்துல அச்சாச்சு, அடியார் வரலாறு 1586-ல புன்னைக்காயல்ல. தம்பிரான் வணக்கத்துல மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. ஓலையில எழுதின பழக்கம் அப்படி. அந்த முறையில எங்க ஊர்ப் பேரை எழுதினா இப்படி வரும்: புனனைககாயல. எங்கே அசை முடியுது, எங்கே சொல் முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தமிழ் பேசத் தெரிஞ்சவன் மட்டும்தான் இதை வாசிக்க முடியும். எழுத்து பாதி, காது பாதி.

அந்தக் காது இல்லாத ஒருத்தன் எங்க வீட்லயே இருக்கான். அக்கா பையன். ஐண்ட்ஹோவன்ல பிறந்து வளர்ற ஏழு வயசு. வீட்ல தமிழ் பேசறாங்கதான், ஆனா அவனுக்கு ஓடி வர்ற மொழி டச்சு. எங்கம்மா புன்னைக்காயல்ல. ஞாயித்துக்கிழமை தோறும் வீடியோ கால். அம்மாவுக்கு வாரம் பூரா அதுதான் பேச்சு.

பயல் நாலு வயசுல அரை மணி நேரம் பேசினான். போன வருஷம் ரெண்டு நிமிஷத்துக்கு வந்துடுச்சு. "ஆச்சி"ன்னு ஒரு சிரிப்பு, அப்புறம் போனை அக்கா கையில கொடுத்துட்டு ஓட்டம். அம்மா ஒருநாள் என்கிட்ட, "அவனுக்கு நாம் பேசுறது வெளங்கல. கடல் எரைச்சல் மாதிரி கேக்கும் போலுக்கு"ன்னாங்க. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் ரெண்டு நாள் வேலை ஓடலை.

யோசிச்சுப் பார்த்தா அது சரிதான். அம்மா கேக்கிறது, "ஏல மக்கா, சாப்புட்டுக்கிட்டிருக்கியா?" சாப்பிடு அவனுக்குத் தெரியும். இரு தெரியும். ஆனா 'சாப்புட்டுக்கிட்டிருக்கியா' ஒரே மூச்சுல வரும்போது அது அவனுக்கு என் பட்டனை விட்டு வெளியே படுத்த அந்த 33 எழுத்து மாதிரி. எங்கே வெட்டறதுன்னு காட்ட அங்கே அழுத்தமும் இல்லை. டச்சுக் காது அடி எங்கே விழும்னு தேடுது, நம்ம பேச்சு மாவு மாதிரி ஒரே சீரா ஓடுது.

எதிர்ப்பக்கமும் கோளாறு. பயல் ஒருநாள் எங்க ஊர்ப் பேரை டச்சுக் கூட்டுச்சொல் மாதிரி முதல் அசையில ஓங்கி அடிச்சுச் சொன்னான். அம்மா காதுக்கு அந்த அடி நெடிலா விழுந்துடுச்சு. "என்னது, பூனைக்காயலா?"ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. நான் மேல சொன்ன சப்பாத்து, வராந்தா விதி அப்படியே எங்க வீட்டு வீடியோ கால்ல நடந்தது அது. அம்மாகிட்ட இதை விளக்கினேன். "அப்ப அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான், என் காதுதான் இழுத்துருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க சிரிக்கலை.

அவன் பள்ளிக்கூடத்துல வாசிக்கக் கத்துக்கொடுக்கிறதுக்கு 'ஹாக்கென் என் ப்ளாக்கென்'னு பேரு. வெட்டறதும் ஒட்டறதும்னு அர்த்தம். சின்னச் சொல்லை ஒலி ஒலியா வெட்டி, திரும்ப ஒட்டிச் சொல்வாங்க. பெரிய சொல்னா அசைக்கு ஒரு தடவை கைதட்டல். நான் அக்காகிட்ட, அம்மா பேச்சையும் அவனைத் தட்டச் சொல்லுன்னேன். தட்டினான் பாருங்க: சாப்-புட்-டுக்-கிட்-டி-ருக்-கி-யா. எட்டுத் தட்டு, கச்சிதம்.

அம்மாவையும் தட்டச் சொன்னோம். அவங்க தட்டினது மூணே மூணு: சாப்புட்டு-கிட்டு-இருக்கியா.

எனக்குப் பொட்டுனு உறைச்சது இதுதான். பயல் ஓசையை வெட்டறான், அம்மா அர்த்தத்தை வெட்டறாங்க. ரெண்டும் வேற வேற வெட்டு, ரெண்டும் சரி. நம்ம யாப்புல வர்ற வெட்டு ஓசை வெட்டு. பத்தாம் வகுப்புல அலகிட்டது ஞாபகம் இருக்கா? புன்னைக்காயல் நாலு நேர், தேமாந்தண்பூ. பழையகாயலை அலகிட்டா பழை-யகா-யல், கருவிளங்காய். பழைய எங்கே முடியுது, காயல் எங்கே தொடங்குதுன்னு அசைக்கு அக்கறையே கிடையாது, நடுவுல புகுந்து அறுத்துடுது. பாட்டுல சீருக்காகச் சொல்லை இப்படி அறுத்தா வகையுளின்னு தனிப் பேரே வச்சிருக்காங்க. இன்னொரு பக்கம் பதம் பிரிக்கிறதுன்னு நாம சொல்றது அர்த்த வெட்டு. டச்சுக்காரன் வரி உடைக்கிற வழக்கத்துல ரெண்டும் வரிசையா இருக்கு: முதல்ல எங்கம்மா வெட்டு, அதுக்குள்ளே அவங்க பேரன் வெட்டு.

நம்ம கம்ப்யூட்டர் திரைகள் தமிழை இந்த ரெண்டு விதமாவும் வெட்டாம மூணாவதா ஒண்ணு பண்ணும். இடம் பத்தலைன்னா 'புன்னை'யை மேல விட்டுட்டு அடுத்த வரியை 'க்காயல்'னு ஆரம்பிக்கும். புள்ளி வச்ச எழுத்துல வரி தொடங்கினா தமிழ்க் கண்ணுக்குப் பல்லுல கல் மாட்டின மாதிரி இருக்கும். அந்த 'க்' முன்னாடி இருக்கிற அசையோடது, அதை எடுத்துப் பின்னாடி சொல்லுக்குக் கொடுத்தா ஓசையும் போச்சு, அர்த்தமும் போச்சு.

சரி, பயல் கதைக்கு வர்றேன். இப்போ ஞாயித்துக்கிழமையில ஒரு விளையாட்டு ஓடுது. அம்மா ஒரு நீளச் சொல் சொல்வாங்க, அவன் முதல்ல அசை தட்டணும், அப்புறம் அம்மா வெட்டு எதுன்னு கண்டுபிடிக்கணும். 'வாடைக்கொண்டல்' சொன்னாங்க ஒரு வாரம். வாடை வடக்குக் காத்து, கொண்டல் கிழக்குக் காத்து, ரெண்டும் சேர்ந்தா வடகிழக்கு. பயல் உடனே 'நோர்ட்ஓஸ்டென்விண்ட்'னான். வடக்கு-கிழக்கு-காத்து, அவங்க ஊர்லயும் அதே ஒட்டு. அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கலை, "அங்கயும் கடல்காரன்தான இருக்கான்"ன்னாங்க.

அம்மா பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருக்கு. ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, வெள்ளைக்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்றதில்லை. மூட்டு வர்ற இடத்துல மட்டும் ஒரு சின்ன மூச்சு. அது போதுமா இருக்கு அவனுக்கு. கால் இப்போ பதினஞ்சு நிமிஷம் போகுது. எல்லாம் புரியுதுன்னு சொல்ல மாட்டேன். பாதி புரியாததுக்கும் தலையாட்டறான், அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனா போனைக் கொடுத்துட்டு ஓடறதில்லை.

போன மாசம் அவனே ஒரு சொல் செஞ்சிருக்கான். டச்சுல 'டாக்'னா நாள். அக்கா வீட்ல மீன் குழம்பு வைக்கிறது ஞாயித்துக்கிழமை. ஆக, ஞாயித்துக்கிழமைக்கு அவன் வச்ச பேரு: மீன்கொழம்புடாக். அழுத்தம் அவங்க வழக்கப்படி முதல் அசையில, 'மீன்' ஏற்கனவே நெடில்ங்கிறதால நம்ம காதுக்கும் இடிக்கலை. அஞ்சு தட்டு, ரெண்டு மொழி. இப்போ எங்கம்மா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட, "மீன்கொழம்புடாக் அன்னைக்கி வாங்க, பேரனைக் காட்டுதேன்"னு சொல்லிக்கிட்டிருக்காங்க.

உங்க ஊர்ல ஒரே மூச்சுல வர்ற நீளமான பேச்சுச் சொல் எதாவது இருந்தா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. ஓசைக்கு எத்தனை தட்டு, அர்த்தத்துக்கு எத்தனை வெட்டுன்னும் சேர்த்து எழுதுங்க. விளையாட்டுக்குச் சரக்கு தீர்ந்துக்கிட்டிருக்கு. ('தீர்ந்துக்கிட்டிருக்கு': ஆறு தட்டு, மூணு வெட்டு.)

டிஸ்கி: கக்கூஸ் டச்சுன்னு நான் சொன்னதை அக்கா பயல்கிட்ட சொல்லிட்டா. இப்போ அவனுக்கு ரொம்பப் பிடிச்ச தமிழ்ச் சொல் அதுதானாம். அவ்வ்வ்...